சீல் உடைக்காத மூக்கு

பாலக்கரை சின்னையா பிள்ளை கடைக்கு பிளீச்சிங் பவுடர் வாங்க வருகிறவர்கள் டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிப்பதில்லை. லேபிள் அச்சாபீஸில் கிடைக்கிற சரக்கு. யாரும் அடித்து எந்த டிரம்மிலும் ஒட்டிவிடலாம். மூடியில் இருக்கும் ஈயச் சீலையும் அவர்கள் நம்புவதில்லை. சீல் போடுகிற இடுக்கி பழைய இரும்புக் கடையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி தொங்குகிறது. அவர்கள் நம்பியது ஒன்றைத்தான்: பிச்சைமுத்துவின் இருமலை.

வாங்க வந்தவர் பெஞ்சில் உட்காருவார். பிள்ளை திண்டில் சாய்ந்தபடி, "பிச்சை, ஐயாவுக்கு ஒண்ணைத் திற" என்பார். பிச்சைமுத்து ஒரு டிரம்மின் மூடியை நெம்பி, கழுத்து வரை தலையை உள்ளே விட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, வெளியே வந்து இருமுவான். பிளீச்சிங் பவுடர் நாளாக நாளாக வீரியம் இறங்கிப்போகிற பண்டம். புதுசு என்றால் ஆளைத் தூக்கியடிக்கும். பழசு என்றால் வெறும் சுண்ணாம்பு. ஆகவே இருமல் எத்தனை நேரம் நீடிக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறதா, தூணைப் பிடித்துக்கொள்கிறானா, பிடிக்காமலே சமாளிக்கிறானா என்பதையெல்லாம் வைத்து விலை பேசுவார்கள்.

"இருமல் மேலாக்கத்தான் இருக்கு பிள்ளைவாள். அடித்தொண்டையிலேர்ந்து வரலையே."

"அடித்தொண்டையிலேர்ந்து வந்தா இந்த விலைக்கு நான் ஏன் தர்றேன்? அது வேற விலை."

"எதுக்கும் இன்னொரு தடவை மோந்து பாக்கச் சொல்லுங்க."

"பிச்சை, இன்னொரு தடவை."

ஒருத்தன் மூச்சுத் திணறுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு பேரம் பேசுவதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். பிளீச்சிங்குக்கு ஆளை இரும விட்டுப் பார்க்கிறோம். தட்டுகிறார்களே என்று எந்தத் தேங்காயாவது கோபித்துக்கொண்டது உண்டா?

பிள்ளை மட்டும் டிரம் இருக்கும் பின்கட்டுப் பக்கம் போவதேயில்லை. வாசல் ஓரமாகக் கல்லாப்பெட்டி, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் திண்டு, திண்டின் மேல் பிள்ளை, பிள்ளையின் மூக்கில் அத்தர் நனைத்த கைக்குட்டை. "வியாபாரிக்கு மூக்கு முக்கியம்ப்பா" என்று அடிக்கடி சொல்வார். தன் மூக்கைத்தான் சொல்கிறார் என்பது பிச்சைமுத்துவுக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

பிச்சைமுத்துவுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவன் அழகிரி. ஒருநாள் திறந்த டிரம்முக்கு முன்னால் அவன் இருமாமல் நின்றான். இன்னொரு தடவை மோந்து பார் என்றார்கள், பார்த்தான், மூக்கைச் சொறிந்துகொண்டான். பிள்ளை தங்கமான மனுஷர். கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்து அழகிரி தோளில் போர்த்தி, வாசல் வரை வந்து வழியனுப்பினார். அழகிரி இப்போது வையம்பட்டிப் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிறான். வாசனை தெரியாதவனுக்கு அதைவிடச் சுகமான தொழில் ஏது?

பிச்சைமுத்துவுக்கும் வையம்பட்டிதான் ஊர். ஆனால் அவன் பங்கு நிலத்தை அண்ணன்மார் எப்போதோ உழுது, விதைத்து, அனுபவித்து, தங்கள் பேருக்கும் எழுதிக்கொண்டுவிட்டார்கள். ஊரில் அவனுக்கு மிச்சமிருப்பது குலதெய்வம் மட்டும். அதற்கும் வருஷத்துக்கு ஒருமுறை வரி கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். ஆகவே பாலக்கரையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது. இப்படிப்பட்டவனுக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை மூக்கு போனது தெரியவந்தது.

அன்று அவன் மனைவி வேலம்மாள் பால் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுக் குழாயடிச் சண்டைக்குப் போனாள். சண்டை நன்றாக நடந்ததால் திரும்ப நேரமாயிற்று. வந்து பார்த்தால் சந்து முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பால் பொங்கி, வற்றி, கரிந்து, சட்டியும் சிவக்க ஆரம்பித்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து பிச்சைமுத்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல முகத்துக்கு எடுப்பா இருக்கட்டும்னு வெச்சிருக்கீங்களா?"

பிச்சைமுத்து திரும்பிப் பார்த்தான். புகையைப் பார்த்தான். பிறகு எழுந்து கதவைச் சாத்தினான்.

"சத்தம் போடாதே. கொஞ்ச நாளாவே அப்படித்தான். காபி வாசனை தெரியலை. அப்புறம் மல்லிப்பூ. இப்ப ஒண்ணுமே தெரியலை."

"அடப்பாவி மனுஷா! பூ வாங்கிட்டு வந்து மோந்து மோந்து பாத்தீங்களே போன வாரம்?"

"தெரியுதான்னுதான் பாத்தேன்."

வேலம்மாளுக்குக் கண் கலங்கியது. அதைப் புகை என்று சொல்லிச் சமாளித்தாள். "விடிகாலையில பாயை விட்டு எந்திரிக்கறதுக்குள்ள இந்தச் சந்தையே எழுப்பற மாதிரி இருமுறீங்களே, அந்த இருமலைக் கடையில போய் இருமறது!"

"அங்க வர மாட்டேங்குதே. பாய்ல வருது, படியேறினா வருது, சிரிச்சா வருது. டிரம்முக்கு முன்னால நின்னா மட்டும் தொண்டை மரத்துப்போவுது. முதலாளிக்குத் தெரிஞ்சா துண்டு போத்திடுவாரு வேலம்மா."

வேலை போகாமல் இருக்க வேண்டும். அன்று முதல் பிச்சைமுத்துவுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். கவலை வந்தால் தந்திரமும் வரும். வாங்க வருகிறவர் வெளி ஆள். அவர் மூக்கு நல்ல மூக்கு. டிரம்மைத் திறந்து தலையை வெளியே எடுத்ததும் பிச்சைமுத்து அவர் கண்ணைப் பார்த்தான். கண் சிவந்திருந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினான். லேசாகக் கலங்கினால் லேசாக இருமினான். வறண்டிருந்தால் மரியாதைக்கு ஒரு கனைப்பு. வந்தவர்கள் தங்கள் கண்ணில் வந்த தண்ணீரைத் தாங்கள் நம்பவில்லை. அதையே பிச்சைமுத்து இருமலாக மாற்றித் திருப்பிக் கொடுத்ததும் நம்பினார்கள். வியாபாரம் முன்னைவிட ஜோராக நடந்தது.

ஒரே ஒரு முறைதான் அது பிசகியது. போன மார்கழியில் ஸ்ரீரங்கத்து கோமளவல்லி சத்திரத்து மானேஜர் சடகோபன் வந்தபோது அவருக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கடைப்பு, தும்மல், கண்ணிலிருந்து தாரைதாரையாய்த் தண்ணீர். பிச்சைமுத்து அந்தக் கண்ணைப் பார்த்தான். தூணைக் கட்டிக்கொண்டு, முழங்காலிட்டு, தன் வாழ்நாளிலேயே சிறந்த இருமலை இருமினான். சடகோபன் பயந்துபோய்ப் பேரம் பேசாமலே எடுத்துக்கொண்டு போனார். அது பழைய மழையில் நனைந்து உயிர்போன சரக்கு.

நயா பைசா வந்த புதிது அது. சில்லறை வாங்கும்போது உலகமே ஏமாற்றுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம். சடகோபன் மட்டும் சில்லறையாக அல்ல, மொத்தமாகவே ஏமாந்தார்.

இந்த மார்கழியில் அவர் ஒரு ஜட்காவில் வந்து இறங்கினார். ஜலதோஷம் இல்லை. கூடவே இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார்.

"வாங்க சாமி, வாங்க" என்று எழாமலே எழுவது போல் அசைந்தார் பிள்ளை. "நேத்துதான் கூட்ஸ்ல வந்து இறங்கிச்சு. இன்னும் சூடு ஆறலை."

"இருக்கட்டும் பிள்ளைவாள். போன வருஷம் உம்ம ஆள் இருமினானே ஒரு இருமல், அது இன்னும் என் காதிலேயே இருக்கு. அந்தத் தூளைத்தான் கிணத்திலே போட்டேன். வைகுண்ட வாசல் திறக்கறதுக்கு முன்னாடி எங்க சத்திரத்திலே கொல்லை வாசல் திறந்தது. அப்புறம் மூடவேயில்லை. வந்திருந்த யாத்ரீகாள் அத்தனை பேரும் பெருமாளை சேவிச்ச நேரத்தைவிட அங்கே வரிசையிலே நின்ன நேரம் ஜாஸ்தி. தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டு, 'சடகோபன், பரமபதத்துக்குக் குறுக்கு வழி ஏதாவது ஏற்பாடு பண்ணியிருக்கீரா'ன்னு கேட்டார்."

"சரக்கு நல்ல சரக்கு சாமி. கிணறு என்ன கிணறோ."

"கிணறு ராமானுஜர் காலத்துக் கிணறு ஓய்! இந்த வருஷம் உம்ம ஆள் இருமலை நான் எடுத்துக்கறதா இல்லை. எனக்கு வெளி மூக்கு வேணும். இவர் சவரிராயன். பெரிய ஆஸ்பத்திரியிலே வார்டு கழுவறவாளுக்கெல்லாம் மேஸ்திரி. இவர் ரசூல் பாய். உறையூர் வெளுப்புப் பட்டறையிலே தொட்டி வேலை. ரெண்டு பேரும் இந்தத் தூளோடேயே எழுந்து, இந்தத் தூளோடேயே படுக்கறவா. அனுபவஸ்தாள். இவாளை யாராலும் ஏமாத்த முடியாது."

 தன்னைப்போல் தினமும் தூளை மோந்து பார்க்கிறவர்கள் தன் பாசாங்கை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பிச்சைமுத்து பயந்தான். இருவரும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு வித்வான் இன்னொரு வித்வானைப் பார்க்கிற பார்வை.

"திறப்பா" என்றார் பிள்ளை, அத்தர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு.

பிச்சைமுத்து மூடியை நெம்பினான்.

மூட்டை மேல் தூங்கிய பூனை எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய்விட்டது. பக்கத்துக் கடை வெற்றிலைக்காரி, "எவண்டா அவன், நாசமாப் போறவன்!" என்று தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். வாசலில் நின்ற ஜட்காக் குதிரை அடுத்தடுத்துத் தும்மியது. பிறகு வண்டிக்காரனுக்குக் காத்திராமல் வண்டியோடு மதுரை ரோடு பக்கம் புறப்பட்டது. வண்டிக்காரன் பின்னால் ஓடினான். பெஞ்சில் இருந்த சடகோபன் அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணீர் வடித்தார்.

அனுபவஸ்தர்கள் மட்டும் அசையவில்லை.

சவரிராயன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது போல டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். நிதானமாகத் தலையை எடுத்து உதட்டைப் பிதுக்கினார்.

"ம்ஹூம். ஒண்ணும் வரலை சாமி."

ரசூல் ஒரு சிட்டிகை எடுத்துப் பொடி போடுவது போல மூக்கருகே கொண்டுபோய் உறிஞ்சினார். "அல்லா! இது பிளீச்சிங்கா? பச்சச் சுண்ணாம்பு. வெத்தலைக்குத் தடவலாம், வேற எதுக்கும் ஆகாது."

பிச்சைமுத்துவின் முறை வந்தது. தலையை உள்ளே விட்டான், எடுத்தான், வழக்கம்போல் எதிரே இருந்தவர்கள் கண்ணைப் பார்த்தான். எதிரே இருந்தவர்கள் அனுபவஸ்தர்கள். இரண்டு ஜோடிக் கண்ணும் சித்திரை மாதத்து ஏரி மாதிரி வறண்டு கிடந்தன. செத்த சரக்கு என்று முடிவுகட்டி, மரியாதைக்கு ஒரு கனைப்புக் கனைத்தான்.

பிள்ளை கைக்குட்டைக்கு மேலே கண்ணை உருட்டினார். பிச்சைமுத்து திடுக்கிட்டு அப்புறம்தான் சடகோபனைப் பார்த்தான். அவர் கண் கொள்ளிடமாக ஓடிக்கொண்டிருந்தது. உடனே தூணைக் கட்டிக்கொண்டு பிரமாதமாக இருமினான்.

"இருப்பா, இரு" என்று கையைக் காட்டினார் சவரிராயன். "இப்பத்தான் பூனை மாதிரி கனைச்சே. அதுக்குள்ள யானை பிளிறுற மாதிரி பிளிறுறே. ஒரே டிரம்முக்கு ரெண்டு இருமலா?"

"இதுதான்! இதேதான் போன வருஷத்து இருமல்!" என்று சடகோபன் துள்ளி எழுந்தார். "தூணைக்கூட அதே மாதிரி கட்டிக்கறான் பாருங்கோ!"

"சாமி, உங்க கண்ணைத் தொட்டுப் பாருங்க" என்றார் பிள்ளை பதறிப்போய். "தண்ணியா கொட்டுது. சரக்கு நல்லாயில்லேன்னா எப்படி இப்படிக் கொட்டும்?"

"பெருமாளை நினைச்சுண்டேன் ஓய். மார்கழி பொறந்தாலே எனக்கு இப்படித்தான். என் கண்ணை நம்பறதா, இவா அனுபவத்தை நம்பறதா?"

பிள்ளை பிச்சைமுத்துவை அருகில் வரச் சொன்னார். கல்லாப்பெட்டிக்குள் கைவிட்டு, பாதி எரிந்த ஊதுவத்தி ஒன்றை எடுத்து, கொளுத்தி, அவன் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"என்ன வாசனைடா?"

பிச்சைமுத்து யோசித்தான். "மல்லிங்க, முதலாளி."

அது சந்தனம். பிள்ளை ஊதுவத்தியை அணைத்துப் பத்திரமாகத் திரும்ப வைத்தார். எழுந்து அலமாரியைத் திறந்தார். அதில் மடிப்புக் கலையாத புதுத் துண்டு ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து வேலம்மாள் தூக்குச்சட்டியில் மத்தியானச் சாப்பாட்டோடு வந்தாள். தெருவில் வரும்போதே இருமினாள். ஜட்காவில் வந்து இறங்கியவர்களைப் பற்றி வெற்றிலைக்காரி சொன்னதைக் கேட்டுக்கொண்டே வாசற்படியில் நின்று இருமினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தவள், முதலாளி கையில் துண்டைக் கண்டதும் எல்லாம் புரிந்துகொண்டாள்.

பிள்ளைக்கோ அவள் இருமலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. துண்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"வா வேலம்மா, வா. உனக்கு மூக்கு கெட்டியா இருக்கே! ஒண்ணு பண்ணு. நாளைலேர்ந்து நீ வந்திரு. உன் புருஷன் வீட்டுல இருந்து உலை வைக்கட்டும். பொம்பளைங்கறதால சம்பளம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அதைப் பேசிக்கலாம்."

"நல்லாச் சொன்னீங்க முதலாளி. ஒரு வீட்டுல ஒரு மூக்கை வாங்கிட்டீங்க. இன்னொண்ணையும் வாங்கிட்டா அடுப்புல பால் கரிஞ்சா யாருக்குத் தெரியும்? சந்து ஜனங்க வந்து சொல்லுவாங்களா?"

"அட, உனக்குப் போகாதும்மா."

"இவருக்கும் போகாதுன்னுதான சொன்னீங்க?" என்றவள் சடகோபன் பக்கம் திரும்பினாள். "சாமி, உங்களுக்கு நல்ல மூக்குதானே வேணும்? அதுக்கு எதுக்கு ஊரெல்லாம் தேடி ஜட்கா வெச்சுக் கூட்டிட்டு வர்றீங்க? இந்தக் கடையிலயே ஒண்ணு இருக்கே! கடை தொறந்த நாளா அத்தர்லயே ஊறிக்கிட்டு இருக்கு. ஒரு தடவை கூட டிரம் பக்கம் போனதில்லை. சீல் உடைக்காத சரக்கு சாமி அது."

எல்லோரும் பிள்ளையின் மூக்கைப் பார்த்தார்கள். பிள்ளையே ஒரு கணம் கண்ணைக் கீழே இறக்கி அதைப் பார்த்தார். நல்ல மூக்குதான். எடுப்பான, செழிப்பான, ஒரு நாள்கூட உழைக்காத மூக்கு.

"அதானே!" என்றார் ரசூல்.

"அதானே!" என்று தெருவிலிருந்து வெற்றிலைக்காரியும் சேர்ந்துகொண்டாள்.

"பிள்ளைவாள் மோந்து பாக்கட்டும்" என்றார் சடகோபன். "இருமினா இருக்கிற டிரம் அத்தனையும் நீர் சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன். மறுபேச்சு கிடையாது."

நீர் சொன்ன விலைக்கே! இந்த வார்த்தையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்கிற வியாபாரி பாலக்கரையில் பிறக்கவில்லை.

"அதுக்கென்ன, இங்கேயிருந்தே பாக்கறேனே. வருது சாமி, ஜோரா வருது."

"அங்கேயிருந்து கோபுரத்தை சேவிக்கலாம். மூலவரை சேவிச்சதா ஆகுமா?"

"நாலு முழம் தள்ளி நின்னு பாக்கறேன்."

"ஒரு சாண்."

"சாமி, வயசானவன் நான். மூணு முழம், கைக்குட்டையோட."

"கைக்குட்டையை எடுத்தா ஒரு முழம் வரைக்கும் இறங்கி வரேன்."

"ஒண்ணரை முழம்! சாமி பேருக்கு ஒண்ணரை முழம்! கைக்குட்டையைப் பாதி மூக்குல மட்டும் வெச்சுக்கறேன்."

கூட்டம் கூடிவிட்டது. விற்கிறது யார், வாங்குகிறது யார் என்றே யாருக்கும் புரியவில்லை. பிள்ளை தன் மூக்கைத் தானே ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்துவிட்டதால் அவரால் நிறுத்தவும் முடியவில்லை. கடைசியில் சடகோபன் குடையை எடுத்தார். "பரவாயில்லை பிள்ளைவாள். பெரிய கடைவீதியிலே வேற ஒருத்தர் வெச்சிருக்காராம். போயிட்டு வரேன்." படியில் ஒரு கால் வைத்தார். இன்னொரு கால் மட்டும் கடைக்குள்ளேயே இருந்தது. இந்த வித்தையைச் சடகோபனுக்கு முன்னால் அந்தக் கடையில் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். பிள்ளையே மற்ற கடைகளில் செய்திருக்கிறார். தெரிந்தும் அவரால் தாங்க முடியவில்லை.

"ஒரு சாண்!" என்று கத்தினார்.

கல்லாவில் ஆள் இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது கடைவீதி தர்மம். "பிச்சை, கல்லாவைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளை பின்கட்டுக்கு நடந்தார். பிச்சைமுத்து தயங்கித் தயங்கித் திண்டில் உட்கார்ந்தான். மெத்தென்று இருந்தது.

பிள்ளை டிரம்மின் மேல் குனிந்தார். சடகோபன் பக்கத்திலேயே நின்று சாண் வைத்து அளந்தார்.

அதை இருமல் என்று சொல்வது குறைத்துச் சொல்வதாகும். முதலில் பிள்ளைக்குச் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்து நின்றது. பிறகு வந்தது. கடுக்கன் ஆடியது, குடுமி அவிழ்ந்தது, இடுப்பிலிருந்த சாவிக்கொத்து தெறித்து விழுந்தது. தூணைப் பிடித்தார், போதவில்லை. பெஞ்சைப் பிடித்தார்; பெஞ்சும் கூடவே வந்தது. தெருவில் போய் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்று இருமினார். ஜட்காக் குதிரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த வண்டிக்காரன் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குதிரையை மறுபடி விட்டுவிட்டான்.

"பேஷ், பேஷ்!" என்று கைதட்டினார் சடகோபன். "இதுன்னா இருமல்! அடிவயித்திலேர்ந்து வரது பாருங்கோ! பிள்ளைவாள், அத்தனை டிரம்மும் எனக்குத்தான்."

கம்பத்தைப் பிடித்தபடியே பிள்ளை விரலைக் காட்டி விலையைச் சொன்னார். பேச முடியாவிட்டாலும் விரல் வேலை செய்தது.

சரக்கை ஏற்ற வேறு வண்டி தேடிச் சடகோபன் போனதும் பிச்சைமுத்து எதிரே இருந்த டீக்கடைக்குப் போனான். பெஞ்சில் சவரிராயனும் ரசூலும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"ஏன் மேஸ்திரி, அவ்வளவு நெடி அடிச்சிச்சாமே. ஒண்ணும் வரலைன்னு ஏன் சொன்னீங்க?" என்று பிச்சைமுத்துதான் ஆரம்பித்தான்.

சவரிராயன் கிளாஸைச் சுற்றினார். "வரலையே. எப்படிச் சொல்லச் சொல்றே?"

"எப்பலேர்ந்து?"

"அது ஆச்சு. வார்டு, கக்கூஸு, ஆபரேசன் ரூமு, எல்லாத்துக்கும் இதே தண்ணிதானே? நெஞ்சும் அடைக்குது. டாக்டரு பீடியை விடுன்னாரு. நான் பீடியே குடிக்கறதில்லைங்க ஐயான்னேன். அப்ப இனிமே ஆரம்பிக்காதேன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டாரு."

ரசூல் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வெகுநேரம் நீடித்தது. "எனக்கு அத்தர்தான் தொந்தரவு. எவ்வளவு பூசணும்னு அளவு தெரிய மாட்டேங்குது. பள்ளிவாசல்ல நான் உக்காந்தா ரெண்டு பக்கமும் ஜமாத் நகர்ந்து உக்கார்றாங்க. பிரியாணி தின்னா கஞ்சி குடிக்கற மாதிரி இருக்குப்பா. நோன்பு மாசம் மட்டும் ரொம்ப சௌகரியம்."

"அப்ப சாமிகிட்ட மூக்கு இல்லேன்னு சொல்லியிருக்கலாமே?"

"அனுபவஸ்தர் அனுபவஸ்தர்னு ஜட்காவுல பக்கத்துலயே உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தாரு. என் வாழ்நாள்ல என்னை யாரு ஜட்காவுல ஏத்தியிருக்கா? மூக்கு இல்லேன்னு சொல்லி இறங்கி நடக்கச் சொல்றியா?" என்றார் சவரிராயன். "அதுவுமில்லாம, பட்டறையிலயும் ஆஸ்பத்திரியிலயும் காதுக்குப் போனா என்ன ஆவும்?"

என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும். மூன்று தொழில், மூன்று வேதம். மூக்கு மட்டும் ஒரே மூக்கு. டீ எப்படி என்று கடைக்காரர் கேட்டார். பிரமாதம் என்றார்கள் மூவரும். பால் திரிந்துபோய் அன்று மற்ற எவரும் அந்த டீயைத் தொடவில்லை.

அந்த மார்கழியில் கோமளவல்லி சத்திரத்தில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. தீர்த்தம், காபி, சாற்றமுது, எல்லாவற்றிலும் ஒரே நெடி என்று யாத்ரீகர்கள் முறையிட்டார்கள். சடகோபன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். போன இடத்திலெல்லாம் பிள்ளையின் இருமலைப் பற்றிப் பேசினார்; தானே இருமியும் காட்டினார்.

அதன் பலனை அடுத்த வாரமே பிள்ளை அனுபவித்தார். வந்தவர்கள் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "முதலாளி இருமினா எடுத்துக்கறோம்." பிள்ளை தன் மைத்துனனை அழைத்து வந்து இரும வைத்தார். "கூலி இருமல்" என்று எழுந்து போய்விட்டார்கள். கூட ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார், டிரம்கள் அசையவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அவர் டிரம்மருகே நின்றால் கல்லாவில் யாராவது உட்கார வேண்டுமே? பிச்சைமுத்து உட்கார்ந்தான். வேலம்மாள் அவனுக்கு வெளுத்த வேட்டி கட்டி அனுப்பினாள். பிள்ளை அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். ஆனால் நம்பிக் கல்லாவைக் கொடுக்க வேறு ஆள் இல்லை.

"முதலாளி, ஐயாவுக்கு ஒண்ணைத் திறங்க" என்று பிச்சைமுத்து திண்டில் சாய்ந்தபடி சொல்லப் பழக ஒரு மாதம் பிடித்தது. பழகிய பிறகு சுகமாக இருந்தது.

மறுபடி மார்கழி வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பார்ட்டி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை டிரம்மைத் திறந்து தலையை விட்டு எடுத்தார். உடனே இருமவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வந்தவர் கண்ணைப் பார்த்தார். அப்புறம்தான் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. விலை படிந்து சந்தோஷமாகப் போனார்.

பிச்சைமுத்துவுக்குத் தெரிந்தது.

கடை காலியானதும் பிள்ளை மெல்ல வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தார். மடித்து, திருப்பி, மறு பக்கத்தையும் இழுத்துப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டார்.

"பிச்சை, உனக்கு முதல்ல எது போச்சு?"

"காபிங்க, முதலாளி."

"எனக்கும் காபிதான்" என்றார் பிள்ளை. "பிஷப் ஹீபர் ஸ்கூல் பக்கம் எவனோ புதுசா கடை வெச்சிருக்கானாம். அவன் நல்லா இருமுறானாம். நம்ம விஷயம் வெளியில தெரிஞ்சா..."

இருவரும் அலமாரியைப் பார்த்தார்கள். அந்தத் துண்டு மடிப்புக் கலையாமல் அங்கேயே இருந்தது.

பிச்சைமுத்து திண்டிலிருந்து எழுந்து அலமாரியைச் சாத்தினான். திரும்பி வந்து முதலாளிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"பயப்படாதீங்க. வர்றவங்க கண்ணைப் பாத்து இருமறது சரிதான். ஆனா மொதல்ல, ஐயாவுக்கு ஜலதோஷம் ஏதாவது உண்டான்னு ஒரு வார்த்தை விசாரிச்சுக்குங்க."